ரெஜிஸ்ட்ரி கிளீனர் வாங்கலாமா, விண்டோஸில் இருப்பதே போதுமா?

திருகோணமலையில் ஒரு கணினி மந்தமானால் இரண்டு பேச்சுத்தான் வரும். ஒன்று, "விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ". மற்றது, "நல்ல கிளீனர் ஒன்று போட்டுவிடுங்கோ". முதலாவதில் அரை நாள் போகும், காசும் போகும். அதனால் பலர் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். இணையத்தில் தேடினால் ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டை, துப்புரவாக்கி வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். சில இலவசம், சிலவற்றுக்கு வருடச் சந்தா. இன்னும் சில இலவசம் என்று உள்ளே இழுத்துவிட்டு, ஸ்கேன் முடிந்த பிறகு கார்ட் இலக்கம் கேட்கும்.

நான் கணினி திருத்தும் தொழிலில் இருப்பவன். இந்தக் கேள்வி என் மேசைக்கு வராத கிழமை இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குவதற்கென்று எந்த மென்பொருளும் தேவையில்லை, சும்மா தந்தாலும். குப்பைக் கோப்புகளை அகற்றுவது வேறு விடயம். அது சில கணினிகளுக்கு உண்மையாகவே உதவும். ஆனால் அதற்கும் பெரும்பாலானவர்களுக்கு விண்டோஸில் உள்ளதே போதும். மிச்சப் பேருக்கு எது பொருந்தும் என்பதில்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரியில் குப்பை சேர்ந்தால் என்ன ஆகும்?

விண்டோஸும் அதில் ஏற்றிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், கணினி எழும்பும்போது எவையெல்லாம் தானாக ஓட வேண்டும், எந்த எழுத்துரு எங்கே இருக்கிறது, எந்த பிரிண்டர், எந்தத் தமிழ் விசைப்பலகை என்று எல்லாம் அதற்குள்தான். 1992இல் விண்டோஸ் 3.1உடன் சிறிய அளவில் வந்தது. விண்டோஸ் 95இல்தான் இன்றைய வடிவத்துக்குப் பெருத்தது.

அந்த 95, 98 காலத்தில் ரெஜிஸ்ட்ரியைச் சின்னதாக வைத்திருப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. 16 அல்லது 32 எம்பி ராம் உள்ள கணினியில் ஒவ்வொரு துளியும் கணக்குத்தான். மைக்ரோசொஃப்ட்டே ரெக்கிளீன் என்ற கருவியை வெளியிட்டது, பிறகு அதைக் கைவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியோடு ரெஜிஸ்ட்ரியை நினைவகத்தில் கையாளும் முறையே மாறிவிட்டது. விளம்பரம் மட்டும் இன்னும் 98இலேயே நிற்கிறது.

ஒரு மென்பொருளை நீக்கிய பிறகு அதன் பதிவுகள் சில ரெஜிஸ்ட்ரியில் தங்குவது உண்மை. கிளீனர்கள் "பிழை" என்று ஆயிரக்கணக்கில் எண்ணிக் காட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆனால் விண்டோஸ் ஒரு பதிவைத் தேடும்போது முழு ரெஜிஸ்ட்ரியையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பதில்லை. அரச கந்தோரில் காணிப் பதிவு எடுப்பது மாதிரித்தான் அது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எழுதுவினைஞர் நேரே அங்கே போவார். பக்கத்து அலுமாரியில் பழைய பதிவுகள் கிடந்தால் அவருக்கு என்ன? நூற்றுக்கணக்கில் நீக்கினாலும் மிச்சமாகும் இடம் பெரும்பாலும் ஒரு எம்பிகூட வராது. வட்ஸ்அப்பில் வந்த ஒரு காலை வணக்கப் படத்தை அழித்தால் அதே அளவு இடம் கிடைத்துவிடும்.

பலன் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. கெடுதலும் வரும். கிளீனர் ஒரு பதிவை அநாதை என்று எப்படித் தீர்மானிக்கிறது? அந்தப் பதிவு சுட்டும் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தேவையற்றது என்று குறித்துவிடும். கலியாண அல்பம் செய்யும் ஸ்டூடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அல்பம் வடிவமைக்கும் மென்பொருளும் அதன் துணைக்கோப்புகளும் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அந்த டிஸ்கைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்த நேரம் பார்த்து கிளீனரை ஓட்டினால், அதற்குரிய பதிவுகள் எல்லாம் அதன் கண்ணுக்கு அநாதைகள்தான். பிறகு டிஸ்கைச் செருகினாலும் மென்பொருள் முன்போல் திறக்காது. பழைய ஒஃபிஸ் பதிப்புகளில் வேர்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் "தயவுசெய்து காத்திருக்கவும், அமைக்கப்படுகிறது" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும் தொல்லைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தது காரணமாக இருக்கலாம். பரபரப்பான நேரத்தில் கொமினிகேசன் கடையில் ஒரு விண்ணப்பம் டைப் பண்ண ஐந்து பேர் காத்திருக்கும்போது அந்தப் பெட்டி வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மைக்ரோசொஃப்ட்டின் நிலைப்பாடும் இதில் தெளிவு. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் சிக்கலைத் தீர்த்துத் தரவும் உத்தரவாதம் இல்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். முன்பு விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியின் பிரதி ஒன்றை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் எடுத்துவைக்கும். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நின்றுவிட்டது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் பல கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. ஆகவே கைதவறினால் திரும்பி வர வழி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

உண்மையாகவே கரைச்சல் தரும் ஒரு எச்சம்

ரெஜிஸ்ட்ரியில் தங்கிய எச்சம் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தொல்லை கொடுப்பதை நான் அடிக்கடி பார்ப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். பென் டிரைவ் வழியாக வரும் ஷோர்ட்கட் வைரஸ். பிள்ளைகளின் அசைன்மென்ட், பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், வீசா விண்ணப்பம் என்று நாள் முழுக்க யார் யாருடையவோ பென் டிரைவ் செருகப்படும் கணினிகளில் இது சாதாரணம். ஆன்டிவைரஸ் வைரஸ் கோப்பை அழித்துவிடும். ஆனால் "எழும்பும்போது இந்தக் கோப்பை ஓட்டு" என்று அது ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த வரி அப்படியே இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் கணினியைப் போட்டதும், குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வரும். கடைக்காரர் ஓகே அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். மாதக்கணக்கில் அப்படியே ஓடும். யாராவது ஒருவர், "அது ரெஜிஸ்ட்ரி பழுது, கிளீனர் போடுங்கோ" என்று சொல்லும்வரை.

இதற்கு கிளீனர் தேவையில்லை. ஆட்டோரன்ஸ் என்ற சின்னக் கருவி போதும். மார்க் ருசினோவிச்சும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது. 2006இல் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியதால் இப்போது அது மைக்ரோசொஃப்ட்டின் இலவசக் கருவி. சில எம்பிதான், டேட்டா காட்டில் இறக்கினாலும் தெரியாது. நிறுவத் தேவையில்லை, திறந்தால் ஓடும். வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால், கணினி எழும்பும்போது ஓடுபவை எல்லாம் ஒரே பட்டியலில் வரும். மென்பொருள், சேவை, நேர அட்டவணையில் வைத்த வேலை என்று ஒன்றும் தப்பாது. கோப்பு இல்லாத வரிகள் மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சளுக்குள் காலையில் வரும் பெட்டியில் பார்த்த அதே பெயரைத் தேடுங்கள். கண்டதும் அதற்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம். அடையாளத்தை எடுத்தால் அது ஓடாது, பிழையாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுவிடலாம். மஞ்சளாகத் தெரிவதெல்லாம் கெட்டது என்று எண்ணி முழுவதையும் துடைக்கவும் வேண்டாம். விண்டோஸின் சொந்த வரிகள் சிலவும் அப்படித் தெரியும்.

இலட்சக்கணக்கான வரிகளில் ஒரு வரிதான் பழுது. அந்த ஒன்றை எடுப்பதும், "ஃபிக்ஸ் ஓல்" என்ற பட்டனை அமத்தி ஆயிரம் வரியை வாரி எறிவதும் ஒன்றல்ல.

இடத்தை அடைப்பது எது?

ரெஜிஸ்ட்ரியை விடுவோம். சீ டிரைவ் சிவப்புக் கோட்டில் நிற்கிறது என்றால் அது உண்மையான பிரச்சினை. எந்தத் துப்புரவு மென்பொருளைத் தேர்வு செய்வது என்று யோசிக்க முன்னர், இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு நான் முதலில் எடுப்பது விஸ்ட்ரீ. விண்டோஸ் டிஸ்குகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையின் பொருளடக்க அட்டவணையை நேரடியாக வாசிப்பதால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில்கூட கொஞ்ச நேரத்திலேயே எது பெரிது என்று காட்டிவிடும். சொந்தப் பாவனைக்கு இலவசம், கடை, அலுவலகம் என்றால் உரிமம் வாங்க வேண்டும். காசு கொடுக்க மனமில்லாத கடைக்காரர்கள் வின்டிர்ஸ்டாட்டை எடுக்கலாம். அது திறந்த மூல மென்பொருள். அதன் பழைய பதிப்புகள் ஆறுதலாகத்தான் எண்ணி முடிக்கும், அந்த நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்து வரலாம்.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஆட்கள் வாயடைத்துப்போவார்கள். கொரோனாக் காலத்து சூம் வகுப்பு ஒளிப்பதிவுகள் இன்னும் கிடக்கும். ஃபோனிலிருந்து இரண்டு மூன்று தரம் இறக்கிய ஒரே படங்கள். வட்ஸ்அப் குழுக்களின் வீடியோக்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே படிவத்தின் பத்துப் பிரதி. இவை எதையும் எந்தக் கிளீனரும் தொடாது, தொடவும் கூடாது. இவை குப்பையா சொத்தா என்று அதற்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டியது நீங்கள்தான். கிளீனர் எடுக்கக்கூடியது தற்காலிகக் கோப்புகள், உலாவியின் சேமிப்பு, விண்டோஸ் அப்டேட்டின் மிச்சம், ரீசைக்கிள் பின் ஆகியவைதான். அதிலும் உலாவிச் சேமிப்பு சில நாளிலேயே திரும்ப நிரம்பும். டேட்டா காட்டில் வேலை செய்பவருக்கு அதை அடிக்கடி அழிப்பது நட்டம்கூட. அதே பக்கங்களின் படங்களை மறுபடி இறக்கக் காசு போகும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால்

விண்டோஸோடு வருவது. டிஸ்க் கிளீனப் விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, "சிஸ்டம் கோப்புகளையும் துப்புரவாக்கு" என்ற பட்டனை அமத்துங்கள். அதை அமத்தாதவர்கள்தான் அதிகம். பெரிய குப்பை அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறிய கையோடு என்றால், பழைய விண்டோஸின் மிச்சம் மட்டும் பத்து இருபது ஜிபி பிடித்திருக்கும். பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக அதுதான் வழி என்பதால் அவசரப்பட வேண்டாம். 2017இல் வந்த ஸ்டோரேஜ் சென்ஸ் இதையெல்லாம் தானாகச் செய்யும். அமைப்புகளில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, டவுன்லோட்ஸ் ஃபோல்டர். 2018இல் வந்த 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலுக்குள் டவுன்லோட்ஸும் சேர்க்கப்பட்டது. எல்லாவற்றையும் சரி போட்டுப் பழகியவர்கள் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டோரேஜ் சென்ஸில் டவுன்லோட்ஸுக்கான தெரிவு இன்னும் உண்டு, "ஒருபோதும் வேண்டாம்" என்பதில் விட்டுவைப்பதே நல்லது. எங்கள் ஊரில் பாதிப் பேரின் முக்கியமான ஆவணங்கள் எல்லாம் டவுன்லோட்ஸில்தான் குடியிருக்கின்றன.

மைக்ரோசொஃப்ட் பீசி மேனேஜர். விண்டோஸ் 10இன் 1809உம் அதற்குப் பிந்தியவையும் இருந்தால் ஓடும், இலவசம். ஸ்டோரேஜ் சென்ஸ் செய்வதையே கண்ணுக்கு அழகாக ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் தேடித் திரியப் பஞ்சிப்படுபவருக்கு இது வசதி. "பூஸ்ட்" பட்டனை அமத்தினால் ராம் குறைந்ததாக எண் காட்டும். அடுத்த நிமிடம் குரோமைத் தொட்டால் பழையபடி ஏறிவிடும். எட்ஜையும் பிங்கையும் உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் குணமும் இதற்கு உண்டு.

சீகிளீனர். பழைய ஆட்களுக்கு கிளீனர் என்றாலே இதுதான். லண்டனில் பிரிஃபோர்ம் என்ற நிறுவனம் 2003இல் வெளியிட்டது. சின்னது, வேகமானது, அந்தக் காலத்தில் உண்மையிலேயே நல்லது. 2017 ஜூலையில் அவாஸ்ட் வாங்கியது. அதே ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்புக்குள் தீய நிரல் இருந்தது செப்டெம்பரில் தெரியவந்தது. களவாக இறக்கிய பிரதி இல்லை இது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, நிறுவனத்தின் கையொப்பத்தோடு வந்த கோப்பு. ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அந்தப் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். குறி வைக்கப்பட்டது பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள்தான், வீட்டுக்காரருக்குப் பெரிய பாதிப்பு வரவில்லை. 2020இல் அதன் இலவச நிறுவியைத் தேவையற்ற மென்பொருள் என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டரே குறித்தது. கூடவே வேறு மென்பொருள்களையும் ஏற்றப் பார்த்ததுதான் காரணம். இதற்காக இன்றைய சீகிளீனர் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணினியில் உயர்ந்த அதிகாரத்தோடு ஓடும் ஒரு மென்பொருளை, விண்டோஸே செய்துதரும் வேலைக்காக ஏன் ஏற்ற வேண்டும்? பழக்கம் விடவில்லை என்றால் நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பை எடுங்கள். ரெஜிஸ்ட்ரிப் பக்கம் போக வேண்டாம், பின்னணியில் ஓடும் கண்காணிப்பையும் அணைத்துவிடுங்கள்.

பிளீச்பிட். வெளியிலிருந்து ஒன்று வேண்டும் என்றால் என் தெரிவு இதுதான். 2008இலிருந்து இருக்கும் திறந்த மூல மென்பொருள், விளம்பரம் இல்லை, காசு கேட்காது, லினக்ஸிலும் ஓடும். பொதுவான ரெஜிஸ்ட்ரி துப்புரவு இதில் கிடையவே கிடையாது. அதை ஒரு குறையாகச் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது தகுதிச் சான்றிதழ். 2016இல் ஹிலரி கிளின்டன் மின்னஞ்சல் விவகாரத்தில் இதன் பெயர் அடிபட்டதால் உலகமெங்கும் தெரியவந்தது. பலர் வந்துபோகும் பொதுக் கணினியில் மற்றவர்களின் தடயங்களை நாள் முடிவில் அழிக்க மிக நல்லது. அடையாள அட்டை ஸ்கேன் செய்ய வந்தவரின் பிரதி அடுத்தவர் கண்ணில் படக்கூடாதல்லவா.

பிளீச்பிட்டில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, குக்கீ, பாஸ்வேர்ட் என்ற தெரிவுகள். வீட்டுக் கணினியில் அவற்றுக்குச் சரி போட்டால் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். அம்மாவின் கூகுள் கணக்கை மகன் கனடாவிலிருந்து திறந்து கொடுத்திருப்பார். மறுபடி உள்ளே போகும் குறியீடு அவருடைய ஃபோனுக்குத்தான் போகும். அங்கே நடுச்சாமம். அவர் எழும்பும்வரை அம்மா காத்திருக்க வேண்டியதுதான். மற்றது, வெற்றிடத்தைத் துடைக்கும் தெரிவு. அழித்த கோப்பை யாரும் மீட்கக் கூடாது என்பதற்காக, மிச்ச இடம் முழுவதையும் ஒரு பெரிய கோப்பால் நிரப்பி எழுதும் வேலை அது. பழைய டிஸ்கில் மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பெரிய கோப்பு அப்படியே தங்கி, இடம் மிச்சம் பிடிக்கப் போனவருக்கு டிஸ்கே நிறைந்துவிடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அது தேவையற்ற தேய்மானம். கணினியை விற்கப்போகிறீர்கள் என்றால் தவிர அதைத் தொட வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் "ஒரே கிளிக்" தொகுப்புகள். கிளரி, வைஸ், ஓஸ்லொஜிக்ஸ், ஐஓபிட் என்று பல உண்டு. இலவசப் பதிப்பும் சந்தாப் பதிப்பும் வைத்திருப்பார்கள். வைஸின் டிஸ்க் கிளீனர் பரவாயில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக அலச எனக்குப் பொறுமையில்லை, அலசினாலும் முடிவு மாறாது. டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது), ரெஜிஸ்ட்ரி, ராம் பூஸ்ட் என்று அடுக்கும் பட்டியலில் எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் தேவையே இல்லை. சுழலும் டிஸ்குக்கு விண்டோஸே கிழமைக்கு ஒருமுறை செய்கிறது. மற்ற இரண்டைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.

இவற்றுக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. உலாவியில் திடீரென்று முளைத்து, உங்கள் கணினியில் இத்தனை பிழை என்று சிவப்பில் கத்துபவை. ஸ்கேன் முடிவு எவ்வளவு பொய்யாக இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே உண்டு. ஒஃபிஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கணினி பரிசோதிக்கும் ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி. கணினி மந்தமா, அடிக்கடி நிற்கிறதா என்ற மாதிரி. நான்கில் எதற்காவது சரி போட்டால் போதும், ஸ்கேன் என்ன கண்டதோ இல்லையோ, தீய நிரலின் அறிகுறி என்று முடிவு வரும் என்பதே குற்றச்சாட்டு. 2019இல் ஒஃபிஸ் டிப்போ 2 கோடி 50 இலட்சம் டொலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட் டொட் கொம் 1 கோடி டொலரும் கட்ட ஒப்புக்கொண்டன. 2018 மார்ச்சிலிருந்து, பயமுறுத்தி வாங்கவைக்கும் கிளீனர்களை டிஃபெண்டர் அகற்றத் தொடங்கியது. டிஃபெண்டர் தடுக்கிறதே, அதை அணைத்துவிட்டு ஏற்றலாமா என்று யாராவது கேட்டால் என் முகமே பதில் சொல்லிவிடும். அதைவிடக் கொடுமை, கிளீனரின் முழுப் பதிப்பை, உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்கோடு இறக்குவது. துப்புரவுப் பணியாளருக்குக் கதவு திறப்பதாக நினைத்துக் கள்ளனையே உள்ளே விடுகிற வேலை.

அப்புறம், மென்பொருள் நீக்கும் கருவிகள். ரெவோ அன்இன்ஸ்டோலர், கீக், திறந்த மூலமான பல்க் கிரப் அன்இன்ஸ்டோலர் மூன்றும் உதவக்கூடியவை. சாதாரணமாக நீக்க முடியாமல் அடம்பிடிக்கும் ஆன்டிவைரஸ், டூல்பார் வகையறாவுக்கு இவற்றை எடுக்கலாம். நீக்கிய பிறகு காட்டும் எச்சப் பட்டியலில் தடித்த எழுத்தில் வருவதை மட்டும் பார்த்து அழிக்கச் சொல்லும் ரெவோவின் முறை கொஞ்சம் கவனமானது. அப்போதும் பெயரை வாசித்துவிட்டு அமத்துங்கள்.

யாருக்கு எது?

வீட்டில் பிள்ளைகள் படிக்க ஒரு லப்டொப் என்றால் ஸ்டோரேஜ் சென்ஸ் ஒன்றே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விஸ்ட்ரீயைத் திறந்து பெரியவற்றைப் பாருங்கள். பாஸ்வேர்டுகளை எழுதிவைக்காத வீடு என்றால் பிளீச்பிட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

டைப்செட்டிங், பிரின்டிங், ஸ்கேன் என்று ஓடும் கடைக்கு பிளீச்பிட்டும் ஆட்டோரன்ஸும். இந்தக் கடைகளில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளும், அதற்கென்று ஏற்றிய விசைப்பலகை மென்பொருளும் இருக்கும். யாரோ எப்போதோ சீடியிலிருந்து ஏற்றியது, அந்த சீடி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் அதில் கைவைத்தால் திரும்ப ஏற்ற வழி இல்லை. கணக்கு மென்பொருள், பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாம் இதே கதைதான். எதைச் செய்ய முன்னரும் ஒரு ரெஸ்டோர் பொயின்ட் எடுத்துவிடுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள் கேட்பதும் அதிகம். வெள்ளைக்காரர் வரும் சீசனில் முன்பதிவு, பில், ஃபோட்டோ எல்லாம் ஒரே லப்டொப்பில். விருந்தினர் வந்து தங்கள் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு மூடாமல் போவார்கள். இவர்களுக்கு கிளீனரை விட முக்கியமானது, விருந்தினருக்கென்று வேறு ஒரு யூசர் கணக்குத் திறந்து கொடுப்பது. அதற்குள் நடப்பது உங்கள் பக்கம் வராது.

32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய சேமிப்புச் சிப்) நினைவகத்தோடு வரும் மலிவான சின்ன லப்டொப் வைத்திருப்பவர்களுக்குத்தான் துப்புரவு உண்மையான தேவை. இடம் போதாமல் விண்டோஸ் அப்டேட்டே நின்றுவிடும். அவர்கள் டிஸ்க் கிளீனப்பை அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். படங்களையும் பாடல்களையும் மெமரி காட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகும் மூச்சு முட்டினால் அந்த லப்டொப்பால் அவ்வளவுதான் முடியும்.

மென்பொருளால் ஆகாத மந்தம்

இடமும் தாராளமாக இருக்கிறது, எழும்பும்போது ஓடுபவையும் குறைவு, ஆனாலும் மந்தம் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால் திருகாணிகளில் துரு, விசிறியில் கம்பளி மாதிரித் தூசி. விசிறி அடைபட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் புரோசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வைகாசி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் மந்தமாகும் கணினிக்கு எந்த கிளீனரால் என்ன செய்ய முடியும்? தூசியை ஊதி எடுத்து, ராமைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே திடீர் திடீரென்று நிற்கும் சில கணினிகள் சரியாகிவிடும்.

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், கிளீனருக்கு வைத்திருக்கும் காசை எடுத்து எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். சுழலும் டிஸ்க் அங்கங்கே சிதறிய கோப்புகளைத் தேடி வாசிக்கும்போது நொடிக்கு நூறு தரம் அளவில்தான் எட்டும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் தரம். டொலரில் அறவிடும் கிளீனர்ச் சந்தாவின் இரண்டு மூன்று வருடத் தொகையில் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வந்துவிடும். 4 ஜிபி ராம் என்றால் அதை 8 ஆக்குவது அடுத்தது.

ஒரு கணக்கு மட்டும் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13வரை கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரோசசர்களை, ஒருசிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. உங்களுடையது அதற்கு முந்தியது என்றால் எஸ்எஸ்டியை மட்டும் போடுங்கள், அது நாளைக்கு வேறு கணினிக்கும் போகும். ராமுக்குச் செலவழிக்க முன்னர், உங்களுடையது பழைய வகையான டிடிஆர்3 ஆ அதற்குப் பிந்திய டிடிஆர்4 ஆ என்று கடையில் கேட்டுவிடுங்கள். டிடிஆர்3 என்றால் அந்தக் காசைப் புதிய கணினிக்குச் சேர்த்து வையுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேஸுக்குள் போட்டால், அந்த சூம் பதிவுகளையும் கலியாணப் படங்களையும் வைக்க இடமாகிவிடும்.